பலகைக்கு மேலே ஒரு பெட்டி

…ஆறு மாதம் தாங்கும், மிஞ்சிப்போனால் எட்டு, அதற்கு மேலும் தாங்கினால் இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று ஏணியின் உச்சிப் படியில் நின்றபடி தம்பிக்காரன் கணக்குப் போட்டான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, டிரைவர் என்பார்கள், வீட்டு மின்சாரத்தை வாங்கி இருபத்துநாலு வோல்ட்டாக அடக்கி விளக்குகளுக்குக் கொடுப்பது, அது படுத்துவிட்டால் ஹாலில் பத்து விளக்கும் படுத்துவிடும். எங்கே வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும், விளக்குகளை விட்டுத் தள்ளி, வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில், காற்றுப் படும்படி, கை எட்டும்படி. ஆனால் இந்த வீட்டுக்கு அந்த மரியாதை எதற்கு? இதோ இங்கேயே, சீலிங் பலகைக்கு மேலே, வெயில் இறங்காமல் இருக்கப் பரப்பிய பஞ்சுக்கு நடுவில் பொதிந்து வைத்தால் மூச்சு முட்டிச் சாகும், சாகட்டும். தீப்பிடிக்காது, அந்த அளவுக்கு அவன் பாவி இல்லை, சூடேறினால் தானாக அணையும், ஆறினால் எரியும், அண்ணன் நாலு பேரைக் கூட்டிவந்து புதுவீட்டுப் பெருமை அடித்துக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று பத்தும் போகும், வரும், மறுபடி போகும்… ஒருநாள் வராமலே போகும். அப்போது இந்த வழவழப் பலகையை உடைத்துத்தான் ஆகவேண்டும். உடைக்கட்டும், நன்றாக உடைக்கட்டும்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணன், "டேய், நடு லைட்டு கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு." சாய்ந்திருக்கிறதாம், கண்ணிலேயே மட்டப்பலகை வைத்திருக்கிறார் துரை. சரி பண்றேண்ணே என்றான் இவன், பல்லைக் கடித்துக்கொண்டு. இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது? அம்மாவுக்குக் காலையிலிருந்து மூச்சு இழுத்திருக்கிறது, மத்தியானமும் இழுத்திருக்கிறது, சாயங்காலம் நின்றிருக்கிறது, இவன் இரண்டே தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் இதே மாதிரி ஏணி மேல், வயரைச் சீவிக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு… ஆமாம், பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு போன், தம்பி வாடா என்று இரண்டு வார்த்தை, வாய் முத்தா உதிர்ந்துவிடும்? ஓடி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். "நீ உசரத்துல நின்னுட்டிருப்பே, கேட்டதும் பதறி விழுந்துடுவேன்னுதான்டா சொல்லல" என்றார் அண்ணன், எல்லார் முன்னாலும், அடேயப்பா, என்ன கரிசனம்! இருபது வருஷமாக ஏணியில் ஏறுகிறவனுக்கு இறங்கத் தெரியாதா? மூன்று வருஷம் ஆயிற்று, அதன் பிறகு அண்ணன் ஒருநாள்கூடப் போன் செய்ததில்லை, இவனும்தான் செய்யவில்லை, அதை விடு, இந்த வேலைக்குக்கூட அண்ணிதான் பேசினாள், உங்க அண்ணன் வேற ஆளை உள்ளயே விடமாட்டேங்கிறார் தம்பி, என்று.

அண்ணி டீயைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள், "ஆறிடப்போகுது தம்பி, எறங்கிக் குடிச்சிட்டு ஏறுங்க. அப்புறம் அந்தப் பொட்டி, அது கண்ணுல படாம எங்கயாவது வெச்சிடுங்களேன்." வைக்கிறேன் அண்ணி, ஜென்மத்துக்கும் கண்ணில் படாது, நீங்களே சொல்லிவிட்டீர்கள், இனி பாவம் பாதி உங்கள் கணக்கில். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். சிவப்பு வயரை பிளஸ்ஸில் முடுக்கி, கறுப்பை மைனஸில் முடுக்கி, இழுத்துப் பார்த்து… அண்ணனின் சட்டைப்பையில் போன் அலறியது. அலறிக்கொண்டே இருந்தது. "எடுங்களேண்ணே," என்றான், அந்தச் சத்தமே அவனுக்குப் பிடிக்கவில்லை. "கெடக்கட்டும்டா, நீ மேல நிக்கிற" என்றார் அவர், இரண்டு கையும் ஏணியில், விரல் கணுக்கள் வெளுத்திருந்தன, உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது, எப்போது கொட்டியது? காலையிலிருந்து இவர் ஏணியை விட்டு நகரவே இல்லையோ? அப்படியானால் அன்றைக்குச் சொன்னது… சீ, அதெல்லாம் இல்லை, இப்போது பிடித்தால் அப்போது செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? மனசே, இளகாதே, இன்னும் ஒரே நிமிஷம், பஞ்சை இழுத்து மூடினால் முடிந்தது.

பஞ்சை விலக்கிப் பெட்டியை உள்ளே தள்ளினான், தள்ளும்போது அது புரண்டு முதுகைக் காட்டியது, அதில் கறுப்பு மார்க்கரில் இன்றைய தேதி, கீழே அவனுடைய போன் நம்பர். இதை எப்போது எழுதினான்? காலையில் பிரித்தவுடன் எழுதியிருப்பான், இருபது வருஷப் பழக்கம், எந்த வீட்டிலும் எழுதுவான், என்றைக்காவது கெட்டுப்போனால் திறக்கிறவன் கூப்பிட வேண்டுமே. இங்கே யார் திறப்பார்கள்? அண்ணன்தான், பலகையை உடைத்து, தூசியில் இருமிக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்து… அப்புறம்? அப்புறம் கூப்பிடுவார். தம்பி வாடா என்பார். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு… அட மடையா, இதற்குத்தானா, காலையிலிருந்து இத்தனை விஷத்தையும் கரைத்தது இந்த ஒரு போனுக்குத்தானா? கையில் பஞ்சு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது போலிருந்தது. "என்னடா, முடிஞ்சுதா?" என்றார் அண்ணன் கீழேயிருந்து. இவன் குனிந்து பார்த்தான், அண்ணனின் இரண்டு கையும் ஏணியிலேயே இருந்தன, ஏணி கொஞ்சமும் ஆடவில்லை.