ரோட்டுக்குப் போட்ட ஏசி

களியக்காவிளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு நிழற்குடை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இருக்கலாம். மைதீன் கனியின் ஜவுளிக்கடை வாசல் தெரியாமல் இருக்காது. கண்ணாடிக் கதவு இரண்டும் விரியத் திறந்து கிடக்கும். உள்ளே இரண்டு ஏசியும் மூச்சு வாங்க ஓடும். அந்தக் குளிர் படியிறங்கி நடைபாதையில் நிற்பவர்களுக்குப் பங்கு வைக்கப்படும். துணி எடுக்க வந்தவர்களைவிட வியர்வை ஆற்ற வந்தவர்களே அங்கு அதிகம்.

"இன்னைக்கு தணுப்புக்கு நிக்கியவன் நாளைக்கு துணிக்கு வருவான்" என்பார் மைதீன் கனி. அந்த நாளை மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

கதவை அடைக்காததற்கு அவரிடம் பலமான காரணம் ஒன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது மட்டும்தான் அது அடைபடும். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இது மனப்பாடம். பாறசாலையிலிருந்து வருகிறவர்கள்கூட, கதவு அடைத்திருந்தால் எதிர்க்கடையில் சாயா குடித்துவிட்டுத் தொழுகை முடிந்த பிறகு வருவார்கள். மற்ற நாளில் அடைத்தால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு.

மாடியில் அவர் மனைவி ஜமீலா பீவியின் தையல் அறை. தலைக்கு மேல் வெறும் கான்கிரீட். அவளும் மூன்று பெண்களும் பானையில் வேகும் மரச்சீனிக் கிழங்கு போல அங்கே வெந்துகொண்டு ரவிக்கை தைத்தார்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தையலுக்காகவே வருகிறவர்கள். சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த மூவரில் ஒருத்தியான அன்னக்கிளி மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அன்றைக்கே ஜமீலா சொல்லிவிட்டாள்.

"குழித்துறைல கோலப்பன் ஒரு ரூம் தாறேன்னு சொன்னாரு. நல்ல காத்தோட்டம். ஹஜ்ஜுப் பெருநாள் தையல் தொடங்கியதுக்கு முன்ன நாங்க அங்க போறோம்."

"மேல ஒரு ஏசி போட்டுத் தாறேன்."

"போடுங்கோ. போட்டா இங்கயே இருப்போம்."

எலக்ட்ரீஷியன் வினோஜ் வந்து பார்த்தான். கீழே அலங்கார விளக்குகளுக்கு நேராகக் கையை நீட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டான்.

"இன்னொரு ஏசிக்கு லைன் தாங்காது மொலாளி. ஒரு பக்கம் அடுப்பு எரியிய மாதிரி லைட்டு, மறுபக்கம் ரெண்டு ஏசி, நடுவுல கதவும் தொறந்து கெடக்கு. பின்ன எப்பிடி? லைட்ட எல்.இ.டி.யா மாத்தி, கதவ அடைச்சுப் பாருங்க. கீழ ஒரு ஏசி போதும்னு ஆச்சுன்னா, மத்தத நான் மேல கொண்டு மாட்டுகேன்."

விளக்குக்குச் சம்மதித்தார். வெயில் இறங்காமலிருக்க மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கவும் சம்மதித்தார். கதவென்றதும் முகம் சுருங்கியது.

"கதவ அடைச்சா யாவாரம் படுத்திரும்."

"சவுதில, தம்மாம்ல எத்தன வருசம் கடைல நின்னிய. அங்க கதவ தொறந்தா போட்டிருந்தாவ?" என்றாள் ஜமீலா.

"அது பாலைவனம்."

"இது மட்டும் என்ன ஊட்டியா?"

மைதீன் கனி மடித்த கைலிச் சாரத்தையே திரும்பவும் மடித்தார். உண்மையில் அவருக்கு வியாபாரத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தலைக்கு மேலே மெஷின் சத்தமும், இடையிடையே அவள் யாரையாவது அதட்டும் சத்தமும் இல்லாத கடையில் அவரால் ஒருநாள் உட்கார முடியாது. அதைச் சொல்லத்தான் அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. விளக்கும் பூச்சும் முடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவை அடைத்தார்.

ஒரு ஏசியே கடையைக் குளிர வைத்துவிட்டது. அந்தக் குளிரில் மைதீன் கனி தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். உச்சி நேரம் வரை ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணாடி வழியே பார்த்தால், மகளின் கல்யாணப் பட்டு எடுப்பதாகச் சொல்லியிருந்த அருமனை இஸ்ரவேல், குடும்பத்தோடு எதிரே சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார். இவர் ஓடினார்.

"என்ன இஸ்ரவேலு, உள்ள வராம இங்க இருக்கிய?"

"தொழுக முடியட்டும்னு இருக்கோம்."

"இன்னைக்கு செவ்வாக்கெழமையில்லா?"

"அதான் நானும் ரோசிச்சேன். ஒங்க ஆள்க்காருக்கு ஏதாவது விசேசமா இருக்கும்னு நெனச்சேன்."

'கடை திறந்திருக்கிறது' என்று அட்டை எழுதி மாட்டினார். கதவைப் பார்த்துப் பழகிய கண்கள் அட்டையைப் பார்க்கவில்லை. மறுநாள் மாலை கதவு பழையபடி விரிந்தது. இரண்டு ஏசியும் விழலுக்குக் குளிர் இறைத்தன. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். ஜமீலா குழித்துறைக்குப் போக லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஆட்டோக்காரன் அபினேஷ் வர நேரமானது. மாடியிலிருந்து இறக்கிய மெஷின்களைப் பெண்கள் கடை வாசலுக்கு உட்புறம், கண்ணாடியை ஒட்டி வைத்தார்கள்.

"சும்மாவா இருக்கியது? அந்தக் கழுத்துப் பட்டிய முடிச்சிருவோம்" என்று ஜமீலா ஒரு மெஷினில் உட்கார்ந்தாள். ரோட்டுத் தூசி கலியாண ரவிக்கையில் விழுந்தது. "ஏட்டி அன்னக்கிளி, கதவ அடை."

கதவு அடைபட்டது. மைதீன் கனி வாய் திறப்பதற்குள், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மெஷின் ஓடியது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இந்தக் கை மாடல் தைச்சுத் தருவியளா?" என்றாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜமீலா உட்கார்ந்து தைக்கும் கடை பூட்டிய கடையாக இருக்காது என்பது வருகிற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கடைக்காரரைத் தவிர.

"ஒரு ஏசிய நிறுத்தட்டா?" என்று கேட்டார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"நிறுத்துங்கோ. வினோஜயும் வரச் சொல்லுங்கோ. ரெண்டு மெஷின் இங்க இருக்கட்டும், ரெண்டு மேல போவட்டும்." அவள் தையலிலிருந்து கண் எடுக்கவில்லை. "ஆட்டோ வந்தா, அப்பம் பாக்கலாம்."

ஆட்டோ வந்தது. அபினேஷ் வெளியே நிறுத்தி, ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கதவு அடைத்திருந்ததால் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை என்று மைதீன் கனி இன்றைக்கும் சொல்கிறார்.

கேட்டது. கதவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. அவர்தான் எழுந்து போய் அதை அழுத்திச் சாத்தினார்.