மரியாதைக்குப் போட்ட எழுத்து

“ஒரு எழுத்துக்காக ஊர் விழாவையே நிறுத்துவியா நீ?” மருந்துக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் அச்சகத்துக் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது.

“எழுத்து இல்லீங்க, ஒரு பொம்பளை,” என்றாள் பிழை திருத்துகிறவள்.

அவருக்கு வலிக்கத்தானே செய்யும்? வருஷா வருஷம் ஊர் வரலாற்று விழாவில், வெள்ளத்தில் நாற்பது பேரைக் கரைசேர்த்த ஓடக்காரராக மீசை ஒட்டிக்கொண்டு நடிப்பவர் அவர்தான். பதினோரு வருஷ மீசை! விழா மலருக்காகப் பழைய தாள்களைக் கிளறிய இவள், வெள்ளம் வந்த வாரத்துச் செய்தித்தாளைக் கண்டெடுத்துவிட்டாள். அதில் கொட்டை எழுத்தில் ‘ஓடக்காரி.’

“பின்னே முதல் மலர்ல ஓடக்காரர்னு எப்படி வந்துச்சு?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

முதல் மலருக்கு எழுத்துக் கோத்தவர் அச்சக முதலாளி, இவளுடைய சித்தப்பா. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாப்பது உயிரைக் காப்பாத்தினவங்களைப் போய் ‘காரி’ன்னு போடறதா? அச்சுப்பிழைன்னு நினைச்சேன்மா. மரியாதைக்கு ‘ர்’ போட்டேன்.”

“நல்ல மரியாதை சித்தப்பா! ஆளையே மாத்திட்டீங்க.”

“இந்த வருஷம் விட்டுடும்மா.”

“அவங்க பேரு யாருக்கும் தெரியாது. மிச்சம் இருக்கறது இந்த ஒரு சொல்லுதான். அதையும் விட முடியாது.”

இவள் கையெழுத்துப் போடாத தாள் இயந்திரத்தில் ஏறாது. சித்தப்பாவே வைத்த சட்டம் அது. இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

“அப்ப என் மீசை?” என்றார் மருந்துக்கடைக்காரர், ஏறக்குறைய அழுதபடி. இயந்திரம் ஓட்டுகிறவர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்.

மூன்று மணிக்குச் சித்தப்பா தன் கையாலேயே சொல்லைத் திருத்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். “இனி நடிக்க மாட்டேன்” என்று மருந்துக்கடைக்காரர் முறுக்கிக்கொண்டு போனார்.

விழாவன்று மேடை ஓடத்தில் ஏறியது அவருடைய தங்கச்சி. பதினோரு வருஷமும் திரைக்குப் பின்னால் நின்று அண்ணனுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முன்வரிசையில் அண்ணன் கை தட்டவில்லை, எழுந்தும் போகவில்லை.

அந்த ஓடத்தைச் செய்த தச்சரையே தங்கச்சி மறுவருஷம் கட்டிக்கொண்டாள். மருந்துக்கடை பெரிய சாலைக்கு இடம் மாறியது. வியாபாரத்துக்காகத்தானாம், நம்புகிறவர்கள் நம்பலாம். பிழை திருத்துகிறவளுக்கு இரண்டு வரன் வந்து, இரண்டும் அவள் வாய்க்குப் பயந்து திரும்பின. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.