வறுத்த மண்

நோய் வரக்கூடாதென்று பாரெண்ட் நாற்றங்கால் மண்ணை அடுப்பில் வறுத்தான். அதில் முளைத்த கான்கர்போஸ் மருந்துச்செடிகள் மஞ்சளித்தன. மழைக்குள் தேறி நடவுக்கு வராவிட்டால் தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைச்சரிவில் அவன் நிலம் இந்த வருடம் தரிசுதான்.

மனைவி மக்ரீட்டா, மலையில் தானாய் வளர்ந்த கான்கர்போஸின் அடிமண்ணை வாளியில் அள்ளி வந்தாள்.

"நான் சுத்தம் பண்ணினதுல குப்பையக் கொட்டப் போறியா?"

"கெட்ட கிருமியோட நல்லதையும் வறுத்துட்டியே, மகராசா! காத்துல இருக்கிற தழைச்சத்தப் பிடிச்சு வேருக்கு ஊட்டுறதே அதுதான்."

"ஒரு நாத்துத் தட்டுல மட்டும் போடு. மத்ததத் தொடாத."

சில வாரங்களில் அந்தத் தட்டு மட்டும் பச்சை பிடித்தது. மக்ரீட்டா ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. நுண்ணுயிர்கள் வேலை செய்தால்தான் அந்த நிறம் வரும்.

மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

"எந்தப் புதருக்கு அடியில எடுத்த?" என்று கேட்டபடி பாரெண்ட் வாளியைத் தூக்கினான்.