எட்டாம் தடம்

1

இந்தக் கதை இருநூறு வார்த்தைக் குறிப்பாக முடிந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் ஷெஃபீல்டின் வெட் ஸ்லேட்ஸ் ராக் குழு 1974இல் போட்ட கடைசி இசைத்தட்டை ஐம்பது வருடம் கழித்து மறுபடி வெளியிடுகிறார்களாம். அதைப் பதிவு செய்தவள் நான் என்பதால் உறைக்குள் வைக்க ஒரு குறிப்பு கேட்டார்கள். "கடைசிப் பாட்டுல அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடுறாங்களே, அது எப்படி நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க மேடம், போதும்" என்றாள் லண்டனிலிருந்து பேசிய பெண். போதுமாம். எழுத உட்கார்ந்து ஏழு வாரம் ஆகிறது.

உண்மையை எழுதினால் என் தம்பி ஆல்வினிடமிருந்து ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கும். அவனிடம் பெரிதாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான். பொய்யை எழுதினால், இத்தனை வருடம் வாயால் சொன்னதை அச்சிலும் ஏற்றியவள் ஆவேன். அதனால் முழுவதையும் முதலில் உங்களிடம் கொட்டிப் பார்க்கிறேன். ஆல்வின் கதையெல்லாம் படிப்பவனில்லை. ஆனால் இசைத்தட்டு உறையை ஒரு எழுத்து விடாமல் படிப்பான்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த ஜனவரியில்..." (கொட்டவில்லை. தூறிக்கொண்டிருந்தது. இங்கே எப்போதும் தூறும்.)

இரண்டாவது: "எனக்கு அந்தக் காலத்தில் நெவில் மேல் ஒரு..." (வேண்டாம். நீங்கள் ஆவலாகப் படிப்பீர்கள், தெரியும். ஆனால் குழுவின் பாடகன் நெவில் கெர்ஷா தன் ஷூவைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்த எந்தப் பெண்ணும் அவனைக் காதலித்திருக்க முடியாது.)

மூன்றாவது, நேராகவே: நெவிலும் ஆல்வினும் பதினொரு வயதிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். எப்போதும் ஒரே மைக். இருவர் மூக்கும் முட்டிக்கொள்ளும். ஆல்வின் குள்ளம், அதனால் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நிற்பான். என்னிடம் இருந்தது எட்டுத் தட நாடா. டிரம்ஸ், கிட்டார், பியானோ எல்லாம் தனித்தனித் தடத்தில் பதியும். இவர்கள் குரல் மட்டும் பிரிக்காமல் எட்டாம் தடத்தில் போகும். நான்கு இசைத்தட்டும் அப்படித்தான் செய்தோம். குரல் என்றாலே என் விரல் எட்டுக்குப் போய்விடும். கதையே இந்த இடத்தில்தான் கவிழப்போகிறது.

3

ஐந்தாவது இசைத்தட்டு பாதியில் இருக்கும்போது நெவில் லண்டன் கம்பெனி ஒன்றோடு தனியாகக் கையெழுத்துப் போட்டான். ஆல்வினிடம் சொல்லவில்லை. கறிக்கடைக்காரர் பத்திரிகையில் படித்துவிட்டு, சாசேஜைத் தாளில் சுற்றிக்கொண்டே, "அப்ப நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டபோதுதான் என் தம்பிக்குத் தெரிந்தது.

(இங்கே நெவிலைக் கெட்டவனாக எழுத மூன்று முறை முயன்றேன். சரியாக வரவில்லை. அவன் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். சொன்னால் ஆல்வினின் முகம் எப்படிப் போகும் என்று பயந்தான். நானும் அப்படிப்பட்டவள்தான் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்பீர்கள்.)

இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தகராறால் அரசாங்கம் வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழில்களுக்கு மின்சாரம் விட்டது. எங்களுக்கு வியாழன், வெள்ளி, சனி. கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நெவில் லண்டனுக்கு ரயிலேறுகிறான். ஆல்வினை வியாழன் வரச் சொன்னேன், நெவிலை வெள்ளி. முதல்முறையாகக் குரலுக்கு இரண்டு தடம் ஒதுக்கினேன்: எட்டு ஆல்வினுக்கு, ஏழு நெவிலுக்கு. பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் ஒட்டியும் வைத்தேன்.

வியாழன் ஆல்வின் பாடியதை விவரித்து ஒரு பத்தி எழுதி, கிழித்துவிட்டேன். அவன் அதுவரை அப்படிப் பாடியதில்லை. அதற்குப் பிறகும் பாடவில்லை. அதைக் கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

"எதுக்கும் இன்னொரு தடவை பாடி வச்சுடலாமா?" என்றேன்.

"ரெண்டா வெட்டிப் போட்டாலும் இதை மறுபடி பாடமாட்டேன் நோரீன். முடிஞ்சுபோச்சு."

டீ போட்டிருந்தேன். குடிக்காமலே போனான். எங்கள் வீட்டில் டீயை மறுப்பது அழுவதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை நெவில் வந்தான். "டீ இருக்கா, இல்ல அதையும் கவர்மெண்ட் நிறுத்திட்டாங்களா?"

"உனக்கு மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

"உன் தம்பி என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"உன் பேரையே எடுக்கல."

அவன் முகத்திலிருந்த இளிப்பு காணாமல் போனது. ஹெட்போனைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். "அவன் குரலை மட்டும் என் காதுல விடாத. கேட்டா என்னால பாட முடியாது. டிரம்ஸும் பியானோவும் போதும்."

சரி என்று ஆல்வினின் சத்தத்தை அடைத்தேன். நெவில் பாடினான், நன்றாகவே பாடினான். அவன் போன பிறகு இரண்டு குரலையும் சேர்த்துக் கேட்க உட்கார்ந்தேன். ஏழாம் தடத்தில் வெறும் இரைச்சல். எட்டாம் தடத்தில் நெவில் பாடிக்கொண்டிருந்தான்.

நாடாவில் புதியது பதியும்போது பழையது அழிந்துவிடும், திரும்பி வராது. ஒட்டி வைத்த தாள் என் கண்ணெதிரே இருந்தது. குரல் என்றால் எட்டு என்று விரல் தானாகப் போயிருக்கிறது. என் தம்பியின் குரலை என் கையாலேயே அழித்திருந்தேன்.*

* வேண்டுமென்றே செய்தாயா, இருவரையும் சேர்த்துவைக்கத்தானே, என்று கேட்பீர்கள். அது இதைவிட நல்ல கதை. ஆனால் இல்லை. கை தவறியது. அதை அன்பு என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

4

ஆல்வினுக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் டயல் சுற்றினேன். அவன் "ஹலோ" என்றதும் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"நெவில் வந்திருந்தான். நீ பாடினதைக் கேட்டான். கேட்டுட்டு, ரெண்டு பேரும் தனியா பாடினதை அழிச்சுடு, அவனோட ஒண்ணா நின்னுதான் பாடுவேன்னு சொல்லிட்டான். அழிச்சுட்டேன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த வானொலியை அவன் அணைப்பது கேட்டது.

"அவனே கேட்டானா?"

"அவனேதான்."

"கெஞ்சினானா?"

"கெஞ்சினான்." (முதல் பொய்தான் கஷ்டம். அப்புறம் பழகிவிடுகிறது.)

நெவிலுக்கும் சுற்றினேன். ஆல்வின் வந்து தன் பாட்டை அழிக்கச் சொல்லிவிட்டான், உன்னோடு சேர்ந்துதான் பாடுவானாம் என்றேன்.

"அந்தக் குள்ளனா? நிஜமாவா சொன்னான்?" என்றான் நெவில். அவன் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது.

5

முடிவு அ: சனிக்கிழமை வந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், குழு பிழைத்தது. (நடக்கவில்லை. வானொலி நாடகத்துக்குக் கொடுத்துவிடலாம்.)

முடிவு ஆ: நீதானே கேட்டாய், நான் எங்கே கேட்டேன் என்று பேச்சு முற்றி, இருவரும் என் பக்கம் திரும்பி... (காலையிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு நான் எதிர்பார்த்தது இதைத்தான்.)

நடந்தது வேறு. எங்கள் ஊர் ஆண்கள் மனசு சம்பந்தப்பட்ட எதையும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். கெஞ்சியவனைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று இருவருமே பெருந்தன்மையாக இருந்தார்கள். என் பொய் ஐம்பது வருடம் தாங்கியது அந்த ஒரு பழக்கத்தால்தான்.

நெவில் பீர்ப் பெட்டியைக் காலால் தள்ளிக் கொடுத்தான். "ஏறு ராசா, சிம்மாசனம் ரெடி."

"வாயை மூடு. பல்லு விளக்கினியா இன்னிக்கு?"

"உனக்காக விளக்கினேன்டா."

ஒரே முறைதான் பாடினார்கள். கடைசி வரியில் நெவிலுக்குக் குரல் உடைந்தது. ஆல்வின் அவன் காலரைப் பிடித்துக்கொண்டு அவன் பங்கையும் சேர்த்துப் பாடினான். துணி கசங்கும் சத்தம் பதிவில் கேட்கும். நான் அதை நீக்கவில்லை. உலகமே கொண்டாடுகிற பாட்டு அதுதான். இருந்தாலும், வியாழக்கிழமை ஆல்வின் தனியாகப் பாடியது இதைவிட நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு நெவில் ரயிலேறினான். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து, அவ்வளவுதான். மறுபடி சேர்ந்து பாடவேயில்லை.

போன ஏப்ரலில் நெவில் செத்துப்போனான். அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் தட்டோடு எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது ஆல்வின் நெவிலின் மனைவி ஜாய்ஸிடம் போனான். நான் இரண்டடி பின்னால் இருந்தேன்.

"கடைசியில அவன்தான் என்னைக் கேட்டான், ஜாய்ஸ். நான் கேக்கல. அவனாத்தான் கேட்டான்."

ஜாய்ஸ் நாற்பத்தாறு வருடம் நெவிலோடு குடும்பம் நடத்தியவள். ஆல்வின்தான் கேட்டான் என்று நெவில் எத்தனை நூறு முறை அவளிடம் சொல்லியிருப்பான். அவள் ஆல்வினின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. என்கிட்டயும் அப்படித்தான் சொல்வாரு. நான்தான் கேட்டேன்னு."

6

குறிப்பை இன்னும் அனுப்பவில்லை. "கடைசிப் பாட்டு ஒரு சனிக்கிழமை..." என்று தொடங்கி அப்படியே நிற்கிறது. லண்டன் பெண் இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

இசைத்தட்டு வந்ததும் நீங்கள் வாங்குவீர்கள். உங்களில் சிலர் எங்கள் ஊருக்கே வருவீர்கள், இப்போதும் வருகிறார்கள். டான் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய பப்பில், ஜன்னல் ஓரத்தில், கால் தரைக்கு எட்டாமல் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் ஆல்வின். எழுபத்தெட்டு வயது. உங்களை உட்காரச் சொல்லி, வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைப்பான். முழுக்கதையும் சொல்வான். சொல்லி முடித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து, "அவனே வந்து கேட்டான், தெரியும்ல?" என்பான்.

ஜாய்ஸ் ஒரு பதில் சொன்னாள். எனக்கு இன்னும் அப்படி ஒன்று சொல்ல வரவில்லை. அடுத்தது நீங்கள். என்ன சொல்வதென்று வரும்போதே முடிவு செய்துகொண்டு வாருங்கள். கொஞ்சம் தயங்கினாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான்.