வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய்

நொறுங்கிப்போன பழைய பிக்கப் வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு பாஸ்கல், மெக்கானிக் மந்திரமூர்த்தியின் பட்டறைக்கு வந்தது ரிப்பேர் பார்க்க அல்ல, அந்த மனுஷனின் மானத்தை வாங்க. மீன் லோடோடு ஸ்ரீவைகுண்டம் போன பாஸ்கலின் தம்பி செபாஸ்டின், பிரேக் பிடிக்காமல் பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். அதற்கு முந்தின வாரம்தான், வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதென்று பாஸ்கல் இதே பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தான். மந்திரமூர்த்தி குனிந்து பார்த்துவிட்டு, அடியெல்லாம் ஒரே எண்ணெயாய்க் கிடக்கிறது, இதில் எதைக் கண்டுபிடிக்க என்று சலித்துக்கொண்டார். இஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட்டை முறுக்கி அனுப்பிவிட்டார்.

அந்த அசட்டைதான் தம்பியைக் கொன்றது என்று பாஸ்கல் தீர்மானம் பண்ணிவிட்டான். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோபம்தான் ஆளை நடமாட வைத்தது. தம்பி பெண்சாதி மதலேனையும் கையோடு கூட்டி வந்திருந்தான். அவள் காதாரக் கேட்கட்டும்.

"எங்கன ஒழுகுச்சுன்னு இப்பக் கண்டுபிடிங்க அண்ணாச்சி. இவ முன்னால வச்சு."

மந்திரமூர்த்தி எதிர்வாதம் பண்ணவில்லை. மண்ணெண்ணெய் போட்டு அடிப்பாகத்தைக் கழுவினார். கழுவக் கழுவ மீன் கவிச்சி கிளம்பியது. துடைத்துக் காயவிட்டு, சிப்பிச் சுண்ணாம்புத் தூளை அடியெங்கும் அப்பினார். வெள்ளையில் சொட்டு ஈரம் பட்டாலும் தெரிந்துவிடும். பிரேக் டப்பாவில் புது ஆயில் ஊற்றினார். பிறகு நான் மறைத்தேன் என்று சொல்லாதே, நீயே பார் என்று பாஸ்கலை அடியில் படுக்கச் சொல்லி, தான் ஏறி பிரேக்கை மிதித்தார்.

பாஸ்கல் இஞ்சினையே முறைத்துக்கொண்டு கிடந்தான். அங்கே ஒரு பொட்டு ஈரமில்லை. முன்சக்கரத்துப் பக்கம் சளக்கென்றது. பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய் பிளந்து, சுண்ணாம்பெல்லாம் நனைந்து கருத்தது. தொட்டுப் பார்த்தான். ரப்பர் ஊறின அப்பம் மாதிரி விரலோடு பிய்ந்து வந்தது.

மந்திரமூர்த்தி பக்கத்தில் ஊர்ந்து வந்து அதை வாங்கி முகர்ந்தார்.

"மீன் எண்ணெய். ரப்பர்ல பட்டா ஊற வச்சு அழிச்சிரும். யாருடே பூசுனது?"

முத்துக்குளி நின்றபிறகு கடலுக்குப் போன வள்ளத்தை விற்று வாங்கின வண்டி அது. வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரியே, உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று மாசாமாசம் அதன் அடிவயிற்றிலும் சுறா எண்ணெய் பூசினான் பாஸ்கல். இண்டு இடுக்கு விடாமல், குழாய் குழாயாய் உருவி உருவிப் பூசினான். தம்பி ஓட்டுகிற வண்டியென்று கூடுதல் கவனம் வேறு.

"அன்னைக்கே நான் கழுவிப் பாத்திருக்கணும்," என்றார் மந்திரமூர்த்தி மெதுவாக. "அதுவும் உண்டு."

வெளியே மதலேன் குனிந்தாள். "தெரிஞ்சிட்டா பெரியத்தான்? இவருதானா?"

ஆமாம் என்று பாஸ்கல் ஒரு சொல் சொன்னால் போதும், மந்திரமூர்த்தி பழியைச் சுமந்துகொள்வார். பாஸ்கல் சுண்ணாம்பு முகத்தோடு வெளியே ஊர்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"இவரு இல்லளா. நான்தான்."

"நீங்களா? நீங்க என்ன செஞ்சிய?"

சுறா எண்ணெய் என்று சொல்ல வந்தவன், விரலில் ஒட்டின ரப்பர் பிசுக்கை மண்ணில் தேய்த்து மறைத்தான். சுறா ஈரலை அடுப்பில் உருக்கி, கொஞ்சமும் கருகாமல் எண்ணெய் இறக்கி, மாசாமாசம் அவன் கையில் கொடுத்தது அவள்தான்.