மூன்றாம் வாசிப்பு

விடியலிற் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் கூரைகளினின்று இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, ஆற்றின்மேற் படிந்த வெண்பனி சுருட்டிய துகில்போல் மெல்ல விலக, பாலத்தின் வழியே மிதிவண்டிகளும் சுமையுந்துகளும் நிரைநிரையாய் நகருட் புகுந்தன. அச்சுக்கூடங்களும் பூட்டுக்கடைகளும் நெருங்கி நின்ற தெருவொன்றில், முன்னாளில் தாள்கட்டுகள் அடுக்கிய கிடங்கின் மாடியில், ஒலிப்பதிவுக்கெனக் கம்பளி தொங்கவிட்ட சுவர்களுக்கிடையே நால்வர் தத்தம் கருவிகளுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்ததை, பண்பறிந்த படிப்பாளரே, அத்தெருவில் நடந்தோர் எவரும் அறிந்திலர்.

அந்நால்வருக்கும் தலைவி, டெனர் சாக்சபோன் என்னும் கனத்த குரலுடைய வளைகுழலை முப்பதாண்டு ஊதிப் பேர்பெற்றவள். ஆளுயர டபுள் பேஸைத் தோளிற் சாய்த்து அதன் தடித்த நரம்புகளை விரலாற் சுண்டியவன் அவளுடன் பிறந்த தம்பி. எஞ்சிய இருவர் பியானோக்காரரும் முரசுக்காரரும். எட்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த இசைத்தட்டில், தம்பியின் தனி வாசிப்பை அவனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் நீளம் கருதி அவள் வெட்டிவிட்டாள். தட்டு கடைக்கு வந்தபின் கேட்டறிந்த அவன் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். தாயின் நோய்ப்படுக்கையருகே சென்ற மாதம் இருவரும் எதிர்ப்பட்டதும், வாசிக்க வருகிறாயா என்று அவள் கேட்டதும், அவன் சரியெனத் தலையசைத்ததுமே இப்புதிய தட்டுக்கு வித்து.

ஜாஸ் என்பது எழுதி வைத்ததை ஒப்பிக்கும் இசையன்று. மெட்டைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் தம் கற்பனைக்கேற்ப வளர்த்துச் செல்வர். ஒருமுறை வந்தது மறுமுறை வாராது. மின்பெருக்கி ஏதுமின்றி ஒரே அறையில் நால்வரும் வாசித்தமையால், ஒருவர் ஒலி மற்றவர் ஒலிவாங்கியிலும் புகுந்தது; ஆதலின் ஒன்றின் நற்பகுதியை வெட்டி மற்றொன்றோடு ஒட்டவும் இயலாது.

அன்று எடுத்துக்கொண்டது தலைவியே அமைத்த மெதுவான மெட்டு. முதல் வாசிப்பில் அவள் குழல், தன் வாழ்நாளில் தொட்டிராத உயரத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, அவசரமின்றி இறங்கிவந்தது. கம்பித் தூரிகைகளால் தோலை வருடிக்கொண்டிருந்த முரசுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். தம்பியின் முறை வந்தபோதோ, அவன் விரல்கள் அழையாத வீட்டுக்கு வந்த விருந்தினர்போற் கூசி, சிறிது தடவிப் பார்த்து நின்றுவிட்டன. இரண்டாவது வாசிப்பு பாதியிலேயே குலைந்தது. மூன்றாவதில் அவள் குழல் களைத்துச் சொன்னதையே சொல்ல, தம்பியோ தாழ்ந்த நரம்பில் தொடங்கி, நெடுநாள் அடக்கிய பேச்சையெல்லாம் ஒரே மூச்சிற் பேசுபவன்போல் வாசித்து முடித்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர், முதலாவதையே வைக்கலாம் என்றும், தம்பியின் பகுதி குறுகியதாதலால் குறை தெரியாதென்றும், அவள் இனி அப்படி ஊதுவது ஐயமே என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அவள் முதலாவதையும் மூன்றாவதையும் இருமுறை கேட்டாள். முதலாவதைக் கேட்கையிற் கண் கலங்கினாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. பின்பு தம்பியை அழைத்தாள்.

"மூணாவதத்தான் போடப்போறேன்."

"பைத்தியமா அக்கா உனக்கு? மொதலாவதுல ஊதின மாதிரி நீ ஊதினதே இல்ல. அன்னிக்கு நடந்ததுக்குப் பரிகாரமெல்லாம் எனக்கு வேண்டாம்."

"பரிகாரம் இல்லடா. மொதலாவதுல நான் மட்டுந்தான் வாசிச்சேன். மூணாவதுதான் நாம வாசிச்சது."

அவன் நரம்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

தட்டு வெளிவந்தது. இதழொன்றில் எழுதிய திறனாய்வாளர், அம்மெட்டில் தலைவி சோர்ந்துபோனதாகவும் தம்பியே அதனைக் கரைசேர்த்ததாகவும் தீர்ப்பளித்தார். படித்த தம்பி உடனே தொலைபேசியில் அழைத்து, "உன்னக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான், பாத்தியா?" என்றான். சரியாகத்தானே எழுதியிருக்கிறான் என்றாள் அவள்; இருவரும் சிரித்தனர்.

முதல் வாசிப்பை உலகில் ஐவர் மட்டுமே கேட்டனர். கேளாதவர்க்கு அதில் இழப்பொன்றுமில்லை. கேட்டவருள்ளும் நால்வர் நாளடைவில் மறந்திருக்கலாம். அது எவ்வளவு அழகாயிருந்தது என்பதை, பிறரிடம் ஒருபோதும் சொல்லாத ஒருத்தி மட்டும் நினைவில் வைத்திருந்தாள்.