சிவப்புப் பென்சில் கோடு

பழைய வரைபடக்காரர்கள் எதையும் அழிக்க மாட்டார்கள். பூமிக்கடியில் ஒரு கேபிளைக் கைவிட்டால், தாளில் அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலை ஓட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் கித்வே நகர மின் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனாலும் வரைபடங்களை ஸ்கேன் செய்து ஊழியர்களின் போனுக்கு அனுப்பத் தொடங்கியபோது, எங்கள் மேலாளர் சிகாஸ்வே, "கறுப்பு வெள்ளை போதும் கசோண்டே. கலர்ல போட்டா, பசங்க திறக்கறதுக்குள்ள டேட்டா தீர்ந்துடும்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று காலை ஸ்கேனர் ஒரு தாளைக் கடித்துத் துப்பியது. கிழிந்துவிட்டதா என்று பிரித்துப் பார்த்தேன். சிம்வெம்வே குடியிருப்பின் தாள்; நேற்றே போனுக்கு அனுப்பியது, சாய்ந்து பதிந்ததால் மறுபடி போட்டிருந்தேன். தெருவோரம் ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள், மேலே சிவப்பு, கீழே நீலம். நடுவில் 'கைவிடப்பட்டது' என்ற எழுத்து. திரையில் இரண்டு கோடும் ஒரே கறுப்பு. அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அங்கே கைவிட்ட கேபிளை வெட்டத்தான் எங்கள் களப்பணித் தலைவன் ஜெரே ஆட்களோடு போயிருந்தான். செம்புத் திருடர்கள் தோண்டுவதற்கு முன்னால் செத்த கேபிளை நாமே உருவிவிடும் வேலை. போனில் பார்த்தால், எழுத்துக்கு நேர் கீழே உள்ள கோட்டைத்தான், அதாவது உயிருள்ள நீலத்தைத்தான் தேர்ந்தெடுப்பான். வெட்டும் முன் சோதிப்பான், சரி. ஆனால் சிம்வெம்வேயில் விடியலிலிருந்து மின்வெட்டு. உயிருள்ள கேபிளும் இப்போது செத்ததாகவே காட்டும். பத்து மணிக்குக் கரண்ட் வந்துவிடும், பத்தாகக் கொஞ்ச நேரமே இருந்தது.

கரண்டைத் தள்ளிப்போடச் சொல்ல, சிகாஸ்வே கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. நான் ஜெரேயைக் கூப்பிட்டேன்.

"சொல்லு, குரங்கு தின்னி" என்றான். பின்னால் ரம்பம் இழுக்கும் சத்தம்.

நான் பெம்பா, அவன் ங்கோனி. எங்கள் இரண்டு சனத்துக்கும் கேலி முறை உண்டு. சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் ஓட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஜெரே, வெட்டாத. அது உயிருள்ள கேபிள். குழிய விட்டு வெளிய வா."

"டெஸ்ட் பண்ணியாச்சு. செத்த எலிக்குக்கூட இதவிட உயிர் இருக்கும்."

"மின்வெட்டுடா, அதான் அப்படிக் காட்டுது. பத்து மணிக்குக் கரண்ட் வந்துடும்."

"போன வாரம் என் ஷூவுக்குள்ள பாம்புன்ன. இன்னிக்குக் கரண்டா? கறி வாசன வந்தா கிளம்பி வா, உனக்கும் ஒரு துண்டு வைக்கச் சொல்றேன்."

குழியிலிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட இன்னும் சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் அவன் காதில் அது கேலிதான், அப்படிப் பழகித் தொலைத்திருக்கிறோம். ஆத்திரத்தில் அழுகை முட்டியது. ரம்பம் நிற்கவில்லை.

"தெம்வா அப்பா" என்றேன். "உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன். மேல வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் அவனுடைய பிள்ளையின் பெயரைச் சொல்லி, மரியாதையாக நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. ரம்பச் சத்தம் நின்றது.

"ஏன் இப்படிப் பேசற?" என்றான். குரலில் சிரிப்பில்லை. பிறகு யாரிடமோ, "ரம்பத்த விடு. ஏறு, எல்லாரும் ஏறுங்க" என்றான்.

பூட்ஸ் சத்தம், மூச்சிரைப்பு, மண் சரியும் ஓசை. அப்புறம் பெரிதாக ஒரு வெடிச் சத்தம். லைன் அறுந்தது.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சிகாஸ்வே அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் போன் அடித்தது.

"எல்லாரும் மேலதான் இருக்கோம்" என்றான் ஜெரே. "ரம்பம் உருகிப் போச்சு."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கசோண்டே, என்ன ஏதாவது திட்டு."

வாயைத் திறந்தேன். ஒரு வசவும் வரவில்லை.

"திட்டு, கெஞ்சிக் கேக்கறேன்" என்றான். "நீ மரியாதையாப் பேசினது இன்னும் காதுல கேட்டுட்டே இருக்கு."